செஸ்: எதற்கென்று வாங்கினார்கள், எங்கே போனது?

2021 பிப்ரவரி 1 அன்று தாக்கலான ஒன்றிய பட்ஜெட்டில் பெட்ரோல், டீசல் மீது புதிதாக ஒரு செஸ் விதிக்கப்பட்டது. வேளாண் உள்கட்டமைப்பு மற்றும் மேம்பாட்டு செஸ் என்று பெயர். பெட்ரோலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் 50 காசு, டீசலுக்கு 4 ரூபாய். இப்படி ஒரு புது வரி வந்தும் பங்க்கில் அதனால் விலை ஏறவில்லை. பெட்ரோல் மீதான அடிப்படைக் கலால் வரியை 2.98 ரூபாயிலிருந்து 1.40 ரூபாய்க்கும், சிறப்புக் கூடுதல் கலால் வரியை 12 ரூபாயிலிருந்து 11 ரூபாய்க்கும் கையோடு குறைத்திருந்தார்கள். சாலை, உள்கட்டமைப்பு செஸ் 18 ரூபாய் அப்படியே இருந்தது. எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 32.98 ரூபாயாக இருந்த ஒன்றிய வரி 32.90 ஆனது. வண்டிக்குப் பெட்ரோல் போட்டவருக்கு எட்டுக் காசு வித்தியாசம் கண்ணில் பட்டிருக்காது.

மாறியது வேறு இடத்தில். இந்த 32.90 ரூபாயில் மாநிலங்களோடு பகிர்ந்தாக வேண்டிய தொகை அடிப்படைக் கலால் வரியான 1.40 ரூபாய் மட்டுமே. அதில் 41 சதவீதம், அதாவது 57 காசு, எல்லா மாநிலங்களுக்குமாகச் சேர்த்துக் கிடைக்கும். அந்த 57 காசில் பதினைந்தாவது நிதிக் குழு தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த பங்கு 4.079 சதவீதம். கணக்குப் போட்டால் லிட்டருக்கு இரண்டு காசு, அதற்குமேல் ஒரு துணுக்கு. பகிரவேண்டிய வரியைக் குறைத்து, பகிரத் தேவையில்லாத வரியை அந்த இடத்தில் வைத்ததுதான் அன்று நடந்தது. நுகர்வோரிடம் வாங்கும் தொகை மாறாமலேயே அது யாருக்குச் சொந்தம் என்பது மாறிவிட்டது.

செஸ் என்ற சொல் இந்திய அரசியலில் இன்று இவ்வளவு சூடேற்றுவதற்கு இதுதான் காரணம். வருமான வரி கட்டுபவர்கள் படிவம் 16இல் ஆண்டுதோறும் பார்க்கும் சாதாரணச் சொல் அது. வரி ஒரு லட்சம் ரூபாய் என்றால் அதன்மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ், நாலாயிரம். வருமானத்தின் மீதல்ல, வரியின் மீது போடப்படும் வரி. வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் இடையில் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரியும் வந்து உட்காரும். 50 லட்சத்துக்கு மேல் 10 சதவீதம், ஒரு கோடிக்கு மேல் 15, இரண்டு கோடிக்கு மேல் 25. செஸ் இந்தக் கூடுதல் வரியையும் சேர்த்த தொகையின் மீது கணக்கிடப்படுவதால், புதிய வரிமுறையில் 30 சதவீத உச்ச விகிதம் நடைமுறையில் 39 சதவீதமாகிவிடுகிறது.

இரண்டும் மேலே ஏற்றும் வரிகள்தான் என்றாலும் சட்டத்தின் கண்ணில் அவை ஒன்றல்ல. கூடுதல் வரி அரசின் பொதுச் செலவுக்கு. அதை எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாம். யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 271ஆவது பிரிவு ஒன்றிய அரசுக்கு அந்த உரிமையைத் தொடக்கத்திலிருந்தே தந்திருக்கிறது. செஸ் அப்படியல்ல. குறிப்பிட்ட ஒரு நோக்கத்தைச் சொல்லித்தான் அதை விதிக்கமுடியும். பள்ளிக்கூடத்துக்கு, சாலைக்கு, பீடித் தொழிலாளிக்கு என்று பெயரிலேயே வாக்குக் கொடுத்துவிட்டு வாங்கும் பணம் அது. தமிழில் மேல்வரி என்றும் துணைவரி என்றும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். பத்திரிகைகளில் செஸ் வரி என்பதே நிலைத்துவிட்டது. பெயர் எதுவாயினும், நோக்கம் இல்லாவிட்டால் அது செஸ் இல்லை என்பதுதான் இதில் முக்கியம்.

நோக்கம் சொல்லி வரி வாங்குவது நம் ஊர்களுக்குப் புதிதும் அல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரி ஆயம், பாடிகாவல் என்ற பெயர்களில் வரிகள் வருகின்றன. ஒன்று ஏரிப் பராமரிப்புக்கு, மற்றது ஊர்க்காவலுக்கு. உத்திரமேரூரில் ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியே ஒரு வாரியமே இருந்தது. கொடுப்பவரும் செலவழிப்பவரும் பலன் பெறுபவரும் ஒரே ஊரில் இருந்தால், கரை உடைந்ததா அடைபட்டதா என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆங்கிலேயர் காலத்துச் செஸ்களுக்குப் பிறப்பிடம் வேறு. 1870இல் வைஸ்ராய் மேயோ பிரபு சாலை, கல்வி, மருத்துவம் போன்ற பொறுப்புகளை மாகாணங்களின் தலையில் கட்டினார். அதற்கு ஈடான பணத்தைத் தரவில்லை. பள்ளத்தை நிரப்ப மாகாணங்கள் நிலத்தின் மீதும் வீட்டின் மீதும் தல வரிகளைப் போட்டன. சென்னை மாகாணத்தின் 1871ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டம் அந்த நெருக்கடியில் பிறந்ததுதான். நமது கிராமங்களில் கிஸ்தி கட்டுபவர்கள் நில வரியோடு சேர்த்துக் கட்டிவந்த தலவரியும் தலமேல்வரியும் அந்த வழியில் வந்தவை.

செஸ் என்றாலே கெட்டது என்று நான் நினைக்கவில்லை. ஒரு காரியத்துக்கென்று ஒதுக்கிய பணம் பட்ஜெட் சண்டைகளில் அடிபடாமல் தப்பிக்கும் என்பது உண்மையான பலம். தமிழ்நாட்டின் நூலக வரியே நல்ல சான்று. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. எஸ். ஆர். ரங்கநாதனின் பல ஆண்டு முயற்சியும், அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் ஆர்வமும் சேர்ந்து அதைச் சாதித்தன. சொத்து வரியோடு ஒரு நூலக வரியைச் சேர்த்து வாங்குவதுதான் அந்தச் சட்டத்தின் உயிர்நாடி. இன்று அது சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. வீட்டுக்காரர்கள் கட்டும் அந்தப் பத்துக் காசில்தான் கிளை நூலகமும், அங்கே காலை நேரத்தில் செய்தித்தாள் படிக்கும் பெரியவரின் நாற்காலியும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் மேசையும் இருக்கின்றன. ஆனால் இந்த வரியை வசூலிப்பது உள்ளாட்சி அமைப்புகள்; செலவிடுவது மாவட்ட நூலக ஆணைக்குழுக்கள். வசூலித்தவர்கள் உரிய நேரத்தில் ஒப்படைக்காமல் நிலுவை வைப்பது பல காலமாக நடக்கிறது. நிலுவை சேரும்போது முதலில் நிற்பது புத்தகக் கொள்முதல். தமிழில் பதிப்பகம் நடத்துகிறவர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும்.

பீடித் தொழிலாளர் நல செஸ்ஸின் கதை இதைவிட மனதை உறுத்துவது. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று உற்பத்தியாளரிடமிருந்து வாங்கினார்கள். கடைசியாக அது ஐந்து ரூபாயாக இருந்தது. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு இலை நறுக்கி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டும் பெண்களுக்கு அந்தப் பணம் மருத்துவமனையாகவும், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையாகவும் திரும்பி வந்தது. எந்தத் தொழிலிலிருந்து எடுத்தார்களோ அந்தத் தொழிலாளிக்கே கொடுத்தார்கள். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது வரிகளை எளிமையாக்குகிறோம் என்று பல செஸ்களை ஒரே வீச்சில் ரத்து செய்தார்கள்; அவற்றோடு இதுவும் போனது. பீடிக்கு 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. நலத் திட்டங்கள் அதன்பின் ஆண்டுதோறும் பட்ஜெட் ஒதுக்கீட்டை எதிர்பார்த்து நிற்கவேண்டியதாயிற்று. தூய்மை இந்தியா செஸ்ஸையும் வேளாண் நல செஸ்ஸையும் ஒழித்தது சரி. பீடித் தொழிலாளியின் செஸ்ஸை அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கக் கூடாது.

கட்டடத் தொழிலாளர் செஸ் இன்னும் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் முதல் இரண்டு சதவீதம் வரை வாங்க அனுமதித்தது. நடைமுறையில் ஒரு சதவீதம். தமிழ்நாடு அதற்கு முன்னரே, 1994இல், கட்டுமானத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைத்துவிட்டது. பணம் மாநில வாரியங்களிடமே இருப்பதால் டெல்லியைக் குற்றம் சொல்ல இதில் இடமில்லை. அப்படியிருந்தும் நாடு முழுவதும் பல்லாயிரம் கோடி ரூபாய் செலவாகாமல் கிடந்ததையும், சில இடங்களில் அந்த நிதியில் மடிக்கணினியும் சலவை இயந்திரமும் வாங்கப்பட்டதையும் கேட்டு உச்ச நீதிமன்றம் அதிர்ந்தது; 2018 மார்ச்சில் கடுமையான வார்த்தைகளில் தீர்ப்பும் எழுதியது. நோக்கத்தைச் சட்டத்தில் எழுதிவைத்தால் மட்டும் போதாது, கணக்குக் கேட்க ஆள் வேண்டும் என்பது மாநிலங்களுக்கும் பொருந்தும்.

டெல்லியில் இதே நோய் பன்மடங்கு பெரிது. அதைப் புரிந்துகொள்ள பணம் நடக்கும் பாதையைப் பார்க்க வேண்டும். செஸ் வசூலானவுடன் நேராக அதற்குரிய நிதியத்துக்குப் போவதில்லை. முதலில் இந்தியத் தொகு நிதியில் விழும். பிறகு நாடாளுமன்ற ஒப்புதலோடு, அந்த நோக்கத்துக்கென்று பொதுக் கணக்கில் தொடங்கப்பட்ட நிதியத்துக்கு மாற்றவேண்டும். இந்த இரண்டாவது படியில்தான் பணம் நின்றுவிடுகிறது. 2018-19இல் 35 செஸ்கள் மூலம் 2,74,592 கோடி ரூபாய் வசூலானது. உரிய நிதியங்களுக்கும் வாரியங்களுக்கும் போனது 1,64,322 கோடி மட்டும் என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதினார். ஐந்தில் இரண்டு பங்கு வழியிலேயே தங்கிவிட்டது. கச்சா எண்ணெய் மீது பத்தாண்டுகளில் வாங்கிய 1,24,399 கோடி ரூபாய், அது சேரவேண்டிய எண்ணெய்த் தொழில் மேம்பாட்டு வாரியத்துக்குப் போகவே இல்லை.

கல்வி செஸ்ஸைப் பாருங்கள். 2004இல் ப. சிதம்பரம் தொடக்கக் கல்விக்கென்று 2 சதவீதம் விதித்தார். 2007இல் இடைநிலை, உயர் கல்விக்கென்று இன்னும் ஒரு சதவீதம். முதலாவதற்கு அடுத்த ஆண்டே நிதியம் தொடங்கினார்கள். இரண்டாவதற்கான நிதியத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2017 ஆகஸ்டில். அதுவரை வசூல் நிற்கவில்லை, நிதியம் மட்டும் பிறக்கவில்லை. 2017-18 வரை அந்தத் தலைப்பில் சேர்ந்த 94,036 கோடி ரூபாய் உரிய நிதியத்துக்கு மாற்றப்படவில்லை என்றது தணிக்கை அறிக்கை. 2018இல் இரண்டையும் கலைத்து, சுகாதாரத்தையும் சேர்த்து, 4 சதவீதமாக்கினார்கள்.

நிலக்கரி மீதான தூய எரிசக்தி செஸ் 2010இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கி 2016இல் 400 ரூபாயானது. நெய்வேலியில் வெட்டும் பழுப்பு நிலக்கரியும் இதற்கு விலக்கல்ல. மாசுபடுத்துகிறவர் கொடுக்கட்டும், அதில் சூரிய ஒளியும் காற்றும் வளரட்டும் என்ற அருமையான யோசனை அது. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 86,440 கோடி ரூபாய் வசூலானது. தூய எரிசக்தி நிதியத்துக்குப் போனது 30,000 கோடிக்கும் குறைவு. திட்டங்களுக்குச் செலவானது 16,000 கோடிக்கும் குறைவு. 2017இல் அந்த நானூறு ரூபாயும் ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்ஸாகப் பெயர் மாறியது. காற்றாலைக்கு என்று சொல்லி வாங்கிய பணம் மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டப் போனது. இழப்பீடு மாநிலங்களுக்கு அவசியமானதுதான். ஆனாலும் நோக்கத்தை இவ்வளவு இலகுவாக மாற்றமுடிகிறது என்றால், முதலில் சொன்ன நோக்கத்தின் மீது எவரும் எப்படி நம்பிக்கை வைப்பது?

இந்த நிலைமைக்கு விதை 2000ஆம் ஆண்டில் விழுந்தது. அதுவரை வருமான வரியும் கலால் வரியும் மட்டுமே மாநிலங்களோடு பகிரப்பட்டன. 80ஆவது அரசமைப்புத் திருத்தம் ஒன்றியத்தின் எல்லா வரிகளையும் பகிர்வுக்குள் கொண்டுவந்தது. மாநிலங்கள் அதை வரவேற்றன. அதே திருத்தம் செஸ்ஸும் கூடுதல் வரியும் பகிர்வுக்கு வெளியே என்பதை 270ஆவது பிரிவில் அழுத்தமாக எழுதியும் வைத்தது. பதினான்காவது நிதிக் குழு மாநிலங்களின் பங்கை 32 சதவீதத்திலிருந்து 42 ஆக உயர்த்தியபோது அந்தக் கதவு எவ்வளவு அகலமானது என்று தெரிந்தது. 2011-12இல் ஒன்றியத்தின் மொத்த வரி வருவாயில் பத்து சதவீதத்தை ஒட்டியிருந்த செஸ், கூடுதல் வரிகளின் பங்கு 2020-21இல் இருபது சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. நூறு ரூபாய் வரியில் இருபது ரூபாய் வெளியே போனால் மீதி எண்பதுக்குத்தான் 41 சதவீதம். மாநிலங்களின் கைக்கு வருவது 33 ரூபாய்கூட இல்லை. நிதிக் குழு ஒரு கையால் கொடுத்ததை ஒன்றிய அரசு மறுகையால் திரும்பப் பெற்றுக்கொண்டது என்ற குற்றச்சாட்டு வெறும் அரசியல் பேச்சு அல்ல, கூட்டிக் கழித்துப் பார்த்தால் வரும் விடை.

ஒன்றிய அரசின் பதிலையும் கேட்கவேண்டும். இந்தப் பணத்தில் பெரும்பகுதி சாலையாகவும் பள்ளியாகவும் மாநிலங்களுக்குள்ளேதான் செலவாகிறது என்கிறார்கள். பாதுகாப்புச் செலவு, பேரிடர்ச் செலவு, கோவிட் காலத்தில் மாநிலங்களுக்கு வாங்கிக் கொடுத்த 2.69 லட்சம் கோடி ரூபாய்க் கடன் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டுகிறார்கள். பணக்காரர்கள் மீதான கூடுதல் வரி சமத்துவத்துக்கு உதவுகிறது என்கிறார்கள். கடைசி வாதத்தை நான் ஏற்கிறேன். முதல் வாதம்தான் சிக்கல். மாநிலத்துக்குள் செலவாவதும், மாநிலம் தன் தேவையைப் பார்த்துச் செலவிடுவதும் ஒன்றல்ல. பகிர்வாக வரும் பணத்தை மழைநீர் வடிகாலுக்குப் போடுவதா, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போடுவதா என்று மாநிலம் முடிவு செய்யலாம். திட்டமாக வரும்போது அந்த முடிவு டெல்லியில் முன்பே எடுக்கப்பட்டிருக்கும். பல திட்டங்களில் மாநிலம் தன் பங்குப் பணத்தையும் வைத்தாக வேண்டும்.

செஸ் விதிக்கும் உரிமை யாருக்கு என்பதற்காக நடந்த ஒரு வழக்கு, சேலம் மாவட்டம் சங்ககிரி வட்டத்துச் சின்னாக்கவுண்டனூர் சுண்ணாம்புக்கல்லில் தொடங்கியது. அங்கே 1963இல் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் குத்தகை பெற்றது. நில வரியில் ரூபாய்க்கு 45 காசு தலவரி வாங்கலாம் என்று 1958ஆம் ஆண்டு சென்னை ஊராட்சிகள் சட்டம் சொன்னது. கனிமத்துக்குக் கட்டும் ராயல்டியும் அந்த நில வரிக்குள் அடங்கும் என்று பின்னர் விளக்கம் சேர்த்தார்கள். நிறுவனம் நீதிமன்றம் போனது. 1989இல் ஏழு நீதிபதிகள் அமர்வு, ராயல்டி என்பதே வரிதான், அதன்மேல் செஸ் போட மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று தீர்த்தது. அந்தத் தீர்ப்பின் அடி தமிழ்நாட்டோடு நிற்கவில்லை; பீகார், ஒடிசா போன்ற கனிம மாநிலங்களின் செஸ்களும் அதன் வழியே சரிந்தன. 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதைத் திருத்தியது. ராயல்டி வரி அல்ல, கனிமம் உள்ள நிலத்துக்கு வரி விதிக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்றது. 2005 ஏப்ரல் முதலான நிலுவையை மாநிலங்கள் 2026 ஏப்ரலிலிருந்து 12 ஆண்டுத் தவணைகளில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆகஸ்டில் வழியும் சொன்னது. தமிழ்நாடு உடனே கனிம நில வரிக்கென்று சட்டம் இயற்றியது. ஊராட்சிக்குச் சேரவேண்டியிருந்த 45 காசுக்கு விடை கிடைக்க, வழக்கிட்டவர் வென்ற நாளிலிருந்து 35 ஆண்டுகள் ஆயின.

சீர்திருத்த யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. கூடுதல் வரியைக் குறிப்பிட்ட காரணத்துக்காக, குறுகிய காலத்துக்கே விதிக்கவேண்டும் என்று 1988இலேயே சர்க்காரியா ஆணையம் சொன்னது. 2010இல் பூஞ்சி ஆணையம் எல்லா செஸ்களையும் மறுபரிசீலனை செய்து குறைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2024 நவம்பரில் பதினாறாவது நிதிக் குழு சென்னை வந்தபோது பகிர்வை 50 சதவீதமாக்கக் கேட்டது. எனக்கு இதில் ஒரு தயக்கம். பகிர்வின் சதவீதத்தை மட்டும் கூட்டினால் செஸ்ஸின் பங்கும் கூடவே வளரும் என்பதை 42 சதவீதம் வந்த பிறகான ஆண்டுகள் காட்டிவிட்டன. மொத்த வரியில் செஸ்ஸும் கூடுதல் வரியும் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது, போனால் மிகுதி தானாகப் பகிர்வுக்குள் வந்துவிடும் என்ற வரம்புதான் முதலில் வேண்டும். அதற்கு 270ஆவது பிரிவைத் திருத்தியாக வேண்டும். அதாவது லாபம் பெறுகிறவரே தன் லாபத்துக்கு வேலி போடச் சம்மதிக்க வேண்டும். எந்தக் கட்சி டெல்லியில் இருந்தாலும் இது எளிதல்ல.

திருத்தம் இல்லாமலே செய்யக்கூடியவையும் உண்டு. செஸ்ஸுக்கு ஆயுள் குறிப்பது ஒன்று. 1971இல் வங்கதேச அகதிகளுக்காகத் தபால்களில் ஐந்து காசு அகதி நிவாரணத் தலை ஒட்டவேண்டும் என்றார்கள். 1973 மார்ச் முடிவில் அதை எடுத்துவிட்டார்கள். கேரளம் 2018 வெள்ளத்துக்குப் பின் ஒரு சதவீத வெள்ள செஸ்ஸை 2019 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கி, இரண்டு ஆண்டு என்று சொல்லி, 2021 ஜூலை 31 அன்று நிறுத்தியது. ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்கூட, நீட்டிப்புக்குப் பின்னராவது, 2025 செப்டம்பர் 22 முதல் புகையிலை, பான் மசாலா வகைகளைத் தவிர மற்ற எல்லாவற்றின் மீதும் நீங்கியது. அந்தச் சூடு ஆறுவதற்குள் அதே டிசம்பரில், பான் மசாலா தயாரிப்பு இயந்திரங்களை மையமாக வைத்து சுகாதாரப் பாதுகாப்பு, தேசியப் பாதுகாப்பு என்ற பெயரில் புதிய செஸ்ஸுக்குச் சட்டம் வந்தது. சுகாதாரமும் ராணுவமும் ஒரே செஸ்ஸின் நோக்கம் என்றால், நோக்கம் என்ற சொல்லுக்கு எல்லைதான் என்ன?

பட்ஜெட் ஆவணங்களில் ஒவ்வொரு செஸ்ஸுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். இந்த ஆண்டு வசூல் இவ்வளவு, நிதியத்துக்கு மாற்றியது இவ்வளவு, செலவு இவ்வளவு, எந்த மாநிலத்தில் எவ்வளவு, முடியும் தேதி இது. இந்த விவரங்களைத் தணிக்கை அதிகாரிகள் ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. சட்டமன்றத்தில் நூலக வரி நிலுவைக்கும் இதே போன்ற பக்கம் ஒன்றை வைக்கச் சொல்லி நாம் தமிழ்நாட்டு அரசிடமும் கேட்கலாம். அப்போதுதான் டெல்லியிடம் கேட்கும் குரலுக்கு எடை கூடும்.